மாட்டு டாக்டருக்கு மூன்று சிரிப்புப் பொம்மைகள்

2020 ஜூன் 12 அன்று சுகாதாரத்துறைச் செயலாளர் மாற்றப்பட்டார் என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடிய சில நிமிடங்களுக்குள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு நகைச்சுவை வந்து விழுந்தது. "மனித டாக்டரை எடுத்துவிட்டு மாட்டு டாக்டரைப் போட்டிருக்கிறார்கள். நாளையிலிருந்து மாத்திரை வேண்டாம், புண்ணாக்கு போதும்." அனுப்பியவர் என் மைத்துனர். நல்ல மனிதர், ஊரடங்கில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார், யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். நானும் வீட்டில் சும்மாதான் இருந்தேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் பொம்மைகள் மூன்றைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

காபி பாதியில் இருக்கும்போதுதான் உறைத்தது. என் அப்பா மாட்டு டாக்டர். இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்தக் குழுவில் அம்மாவும் இருந்தாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் போட்ட பொம்மைகளுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்திருந்தன. அம்மா எதுவும் எழுதவில்லை. அன்றும் எழுதவில்லை, மறுநாளும் இல்லை. வாரம் ஒருமுறை பேசும்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதவிக்கு வந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன் என்பதையும் அவர் கால்நடை மருத்துவம் படித்து 1992-இல் ஐ.ஏ.எஸ். ஆனவர் என்பதையும் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்து மாலைதோறும் கொரோனா எண்ணிக்கை வாசித்த பீலா ராஜேஷ் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். இருவருமே டாக்டர்கள், இருவருமே தொழிலை விட்டு நிர்வாகத்துக்கு வந்தவர்கள். ஆனால் ஒருவரின் பட்டம் தகுதியாகவும் மற்றவரின் பட்டம் சிரிப்பாகவும் எங்கள் குழுவில் எண்ணப்பட்டது. அந்தக் கணக்கைப் போட்டவர்களில் மாட்டு ஊசிக் காசில் படித்து ஆளான நானும் ஒருவன்.

அப்பாவின் பெயர்ப்பலகை

அப்பாவின் பதவிப் பெயர் கால்நடை உதவி மருத்துவர். அந்த 'உதவி' அவர் தலைமுடி முழுக்க நரைத்த பிறகும் கூடவே இருந்தது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராம மருந்தகங்களில்தான் அவருடைய பெரும்பாலான காலம் கழிந்தது. கல்யாண வீடுகளில் "டாக்டரா, எந்த ஆஸ்பத்திரி?" என்று ஆர்வமாகத் தொடங்குபவர்கள் "ஓ, மாட்டுக்கா" என்று முடிப்பதைப் பலமுறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவரே சில மதிப்பெண்களில் எம்.பி.பி.எஸ். இடத்தைத் தவறவிட்டு அங்கே போனவர்தான். அதை மறைத்ததும் இல்லை, வலியச் சொன்னதும் இல்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'அரசு ஊழியர்' என்று எழுதுவேன். ஒருநாள் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே ஒரு பேச்சுமுறை.

ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். மூன்றாம் ஈற்றுக் கலப்பினப் பசு, கன்று போட்டு இரண்டாம் நாள், படுத்தது எழவில்லை என்று ஒருவர் சைக்கிளில் வந்து கூப்பிட்டார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். பசு கழுத்தை மடக்கித் தலையை விலாவில் சாய்த்துக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பா காதைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மூக்குக் காய்ந்திருந்தது. பால் காய்ச்சல் என்றார். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. ரத்தத்தில் இருக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்குப் போய்விடுவதால் தசைகள் இயங்க மறுக்கும். கால்சியம் பாட்டிலை வாளி வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினார். கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, பாட்டிலை என் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஒரு கையால் ஸ்டெதாஸ்கோப்பை இடது முன்னங்காலுக்குப் பின்னால் அழுத்தியபடி, "கீழே இறக்கு, இறக்கு. இப்போது கொஞ்சம் தூக்கு" என்று எனக்கு உத்தரவு. வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். பாட்டில் முக்கால் காலியானபோது பசுவின் தொடைத்தசை நடுங்கத் தொடங்கியது. மூக்கில் முத்து முத்தாக ஈரம் பூத்தது. ஒரு பெரிய ஏப்பம். பிறகு சாணம். பிறகு, யாரும் தொடாமலே, முழங்காலை ஊன்றி எழுந்து நின்றது.

வீட்டுக்காரர் அப்பா காலில் விழப்போனார். அப்பா அவரைக் கவனிக்கவே இல்லை. டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி, தட்டிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கொட்டிலில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு காளை நின்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தது. "இது எத்தனை நாளாக?" என்றார். கோமாரி.

மறுநாள் அதிகாலை தடுப்பூசிப் பெட்டியோடு அவர் கிளம்பிப் போனது அந்தத் தெருவுக்கு அல்ல. நோய் வராத சுற்றுக் கிராமங்களுக்கு. அங்கே தொடங்கி, வட்டம் வட்டமாகச் சுருக்கிக்கொண்டு, கடைசியில்தான் இந்த ஊர். நோய் இருக்கும் வீட்டை மிதித்த செருப்போடு அடுத்த ஊருக்குப் போனால் நாமே அதைத் தூக்கிக்கொண்டு போவோம் என்றார். போகிற இடமெல்லாம் அவர் கேட்ட கேள்விகள் மாட்டைப் பற்றியவை அல்ல. சந்தைக்கு எப்போது போனீர்கள், தண்ணீர் எந்தக் குட்டையில் காட்டுகிறீர்கள், உறவுக்காரர் யாராவது மாட்டோடு வந்தார்களா. மாடு வாய் திறந்து சொல்லாது. அதனால் அதைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும்.

இருபத்தைந்து வருடம் கழித்து, கோயம்பேடு சந்தையிலிருந்து எந்த லாரி எந்த ஊருக்குப் போனது என்று அதிகாரிகள் தேடிக்கொண்டிருந்ததையும், சென்னைத் தெருக்களில் வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டுப் போனதையும், தெருமுனையில் காய்ச்சல் முகாம் போட்டதையும் பார்த்தபோது எனக்கு அந்தத் தடுப்பூசிப் பெட்டி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். புண்ணாக்குதான் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மைத்துனர் படித்தாலும் படிக்கட்டும். வேக்சின் என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சென்னையில் கொரோனா மாதிரிகளைச் சோதித்த கிண்டி கிங் நிறுவனம் 1899-இல் தொடங்கப்பட்டது. அதன் ஆரம்பகால வேலை கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுப்பது. உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டுதான். ஒன்று பெரியம்மை. இன்னொன்று மாடுகளின் வெக்கை நோய். 2011-இல் அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். அப்பா அன்று தனக்குத்தானே ஒரு மைசூர்பாகு வாங்கிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

கயிறு

2004 டிசம்பரில் நான் கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். 26-ஆம் தேதிக்குப் பிறகு அப்பாவின் துறையிலிருந்து ஆட்களை நாகைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். மனித உடல்களை அப்புறப்படுத்துவது ஒரு வேலை என்றால், கால்நடைகளை அப்புறப்படுத்துவது இன்னொரு வேலை. அதைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுதியிருக்கவும் கூடாது, அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் போயிருந்த நேரம் அது. நான் கைக்கு உதவியாக இரண்டு நாள் கூடப் போனேன். குழி, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர். ஒரு வேலியோரம் பசுவும் கன்றும் ஆடுகளும் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றின் கழுத்திலும் கயிறு. முளைக்குச்சி அசையாமல் மண்ணில் அப்படியே நின்றது. அவிழ்த்துவிட்டிருந்தால் சில பிழைத்திருக்கும். அப்பா அரிவாளால் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனார். புதைக்கப்போகிற மாட்டுக்கு எதற்கு இது என்று கேட்டேன். "கட்டினது நாம்தானே" என்றார்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம், டீக்கடை கூட இல்லாத ஒரு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தபோது துறைக்காரர் ஒருவர் வந்து செய்தி சொன்னார். தஞ்சாவூர் ஆட்சியராக இருந்துகொண்டே பக்கத்து மாவட்டத்துக்கு விரைந்து வந்து வேளாங்கண்ணியில் மீட்பு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரையே நாகப்பட்டினத்துக்கு ஆட்சியராகப் போட்டுவிட்டார்கள் என்று. அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்று நாளாகச் சுண்ணாம்பு அப்பியிருந்த முகம் அது. "நம் ஆள்" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு கால்நடை மருத்துவரும் தலையாட்டி "நம் ஆள்" என்றார். எந்த ஊர், என்ன சாதி, எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்று கேட்டுத்தான் நம் ஊரில் 'நம் ஆள்' தீர்மானமாகும். அன்று அந்தச் சொல்லுக்கு நான் கேட்ட பொருள் வேறு. மாட்டின் குடலுக்குள் தோள்வரை கைவிட்டவன் என்று பொருள்.

அந்த ஆட்சியர்தான் ராதாகிருஷ்ணன். அவருக்கு அது ஆறு மாதத்துக்குள் இரண்டாவது இடி. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியபோது தஞ்சாவூருக்கு அவர்தான் ஆட்சியர். பெற்றோர் முன்னால் நின்ற அதே மனிதர் டிசம்பரில் கடலோரத்தில் மறுபடியும் பெற்றோர் முன்னால் நின்றார். இந்த முறை பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருந்தார்கள். நாகையில் அவர்களுக்காகத் தொடங்கிய அன்னை சத்யா காப்பகத்தைப் பற்றியும், அங்கே வளர்ந்த குழந்தைகளை அவரும் அவர் மனைவியும் பதவி மாறி ஊர் மாறிப் போன பிறகும் விடாமல் வந்து பார்த்ததைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அப்பா அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. தூரத்தில் ஒருமுறை பார்த்ததோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு பேப்பரில் அவர் படம் வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள்.

இதற்கு மேல் போனால் நான் அப்பாவின் பெருமையை எடுத்து ஓர் அதிகாரிக்கு மாலையாகப் போடுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இருபதுகளில் பணிக்குப் போய்விட்ட ஒருவர் எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார்? சுனாமியின்போது பக்கத்துக் கடலூரில் ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி கால்நடை மருத்துவம் படித்தவர் அல்ல. அவரும் அதே போலக் களத்தில் நின்றார், அவரும் அநாதையான குழந்தைகளைத் தேடித் தேடிப் பார்த்தார். பின்னாளில் இருவரும் அடுத்தடுத்துச் சென்னை மாநகராட்சி ஆணையர்கள் ஆனார்கள். ஆகவே, படிப்புதான் ஆளைச் செய்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. பேரிடர் மேலாண்மைக்காக ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் இருந்த வருடங்கள் ராதாகிருஷ்ணனைச் செய்திருக்கலாம். கும்பகோணம் செய்திருக்கலாம்.

மந்தையாகப் பார்ப்பவனின் கண் உதவாத இடமும் உண்டு. 2016-இல் முதலமைச்சர் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோதும் சுகாதாரத்துறைச் செயலாளர் ராதாகிருஷ்ணன்தான். அங்கே ஊரைச் சுற்றிக் கேட்டு வர ஒன்றுமில்லை, ஒரே நோயாளி, மூடிய கதவு, வெளியே ஒரு மாநிலம். ஜெயலலிதாவின் மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் 2022-இல் வெளியான அறிக்கையில் விசாரிக்கப்பட வேண்டியவர்களாகக் குறிப்பிட்ட நால்வரில் அவர் பெயரும் இருந்தது. அளித்த சிகிச்சை சரியானதே என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு சொல்லியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல நான் யார். அப்பா இருந்திருந்தால் "நம் ஆள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாரா என்று யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டார் என்றே படுகிறது. தன் கையில் செத்த மாட்டுக்கு ஏன் செத்தது என்று நோட்டில் எழுதி வைத்த மனிதர் அவர்.

ஆனால் 2019 தீபாவளியை என்னால் ஒதுக்க முடியவில்லை. மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக ஊரே தொலைக்காட்சி முன் கிடந்த நான்கு நாட்கள். மணிக்கொருமுறை வந்து நிலவரம் சொன்னவர் இவர். 29-ஆம் தேதி பின்னிரவில், குழாயிலிருந்து துர்நாற்றம் வருகிறது என்று சொன்னவரும் இவரே. வேறு எப்படி வேண்டுமானாலும் சுற்றி வளைத்திருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டில் கோபப்பட்டார்கள், குழந்தையைப் பற்றி இப்படியா பேசுவது என்று. நான் அன்று கோபப்படவில்லை. நுகர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்து, "இனிமேல் இல்லை" என்று சொல்லும் குரல் எனக்குப் பழக்கம். அந்தக் குரலுக்காக அப்பாவைத் திட்டியவர்கள் உண்டு. அப்படித் திட்டியவர்களே அடுத்த மாட்டுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அடுத்த ஜூனில் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. அந்த ஒரு நொடியில் நான் யாருடைய பிள்ளையாக இருந்தேன்? பள்ளிப் படிவத்தில் 'அரசு ஊழியர்' என்று எழுதியவன் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் போல.

படமும் வீடியோவும்

2022 பிப்ரவரியில், அதே வாட்ஸப் குழுவில் அம்மா ஒரு படம் போட்டாள். அவள் பொதுவாகக் கோயில் படங்களும் காலை வணக்கமும் தவிர எதுவும் போடுவதில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். சுனாமியில் பெற்றோரை இழந்து, அந்தக் காப்பகத்தில் சின்னஞ்சிறு வயதில் சேர்க்கப்பட்டு வளர்ந்த பெண் மணக்கோலத்தில் நிற்கிறாள். பக்கத்தில் பெண் வீட்டுப் பெரியவராகச் சுகாதாரத்துறைச் செயலாளர். படத்துக்குக் கீழே அம்மா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மைத்துனர் கைகூப்பும் பொம்மை போட்டார். வேறு சிலர் இதயம் போட்டார்கள். என் விரல் நெடுநேரம் திரைக்கு மேலே நின்றது. எந்தப் பொம்மையையும் என்னால் போட முடியவில்லை.

அன்று ராத்திரி மேலே மேலே நகர்த்தி, 2020 ஜூன் வரைக்கும் போனேன். என் மூன்று பொம்மைகளும் அங்கேயே இருந்தன. அழுத்திப் பிடித்தேன். எல்லோருக்கும் அழிக்கும் வசதிக்குக் காலம் கடந்துவிட்டது. எனக்கு மட்டும் அழித்துக்கொள்ளலாமாம்.

2023-இல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். அந்த ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்த ஒரு சிறுமியைத் தெருவில் போன மாடு முட்டித் தூக்கி வீசிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முப்பது வருடம் கழித்து மாடு தன் டாக்டரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது என்று எனக்குள் ஒரு நகைச்சுவை எழுந்தது. இம்முறை யாருக்கும் அனுப்பவில்லை. தெருவில் மாடு விடுவோருக்கான அபராதம் பிறகு 5,000 ரூபாயாக உயர்ந்தது. பிடிபட்ட மாடுகளை லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கள் குழுவில் எல்லோரும் மாட்டுக்காரரைச் சிறையில் போட வேண்டும், மாட்டைக் கொல்ல வேண்டும் என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அன்று குழுவில் எழுதவில்லை, எனக்கு நேரடியாகப் போன் செய்தாள். அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டாள். தேறிவிட்டாளாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மாடு கன்று போட்டு எத்தனை நாள் என்று யாராவது கேட்டார்களா?" என்றாள்.